கூட்ஸ் ட்ரெயின் நீளமாகிட்டே போகுது, கேட்ல நிக்கிறவங்க கணக்கு யாருகிட்ட இருக்கு?

2025 ஆகஸ்ட் 7ஆம் தேதி உத்தரப்பிரதேசத்துல கஞ்ச்க்வாஜாங்கற ஸ்டேஷன்ல இருந்து ஜார்க்கண்ட்ல கட்வா ரோடு வரைக்கும் ஒரு கூட்ஸ் ட்ரெயின் ஓட்டினாங்க. பேரு ருத்ராஸ்திரா. 354 வேகன், 7 இன்ஜின், நீளம் நாலரை கிலோமீட்டர். ஆறு ரேக்கை, ரேக்னா ஒரு முழு கூட்ஸ் வண்டிக்கான வேகன் வரிசை, ஒண்ணா கோத்து காலி வண்டியா நிலக்கரி ஏத்தற பக்கம் அனுப்பினாங்க. பெங்களூர்ல இருக்கறவங்களுக்கு சொல்லணும்னா, எம்.ஜி. ரோடு மெட்ரோ கிட்ட இன்ஜின் நின்னா கடைசி வேகன் கிட்டத்தட்ட சுவாமி விவேகானந்தா ரோடு ஸ்டேஷன் கிட்ட இருக்கும்.

அந்த வீடியோவை எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டது எங்க பெரியப்பா. ஜோலார்பேட்டைல கூட்ஸ் கார்டா இருந்து ரிட்டையர் ஆனவரு. இப்போ அந்த வேலைக்கு ட்ரெயின் மேனேஜர்னு பேரை மாத்திட்டாங்க, 2022லேருந்து, ஆனா அவருக்கு இன்னும் கார்டு தான். வீடியோக்குக் கீழ பசங்க எல்லாம் கைதட்டற எமோஜி போட்டாங்க, எனக்கும் பெருமையா தான் இருந்துச்சு, நாலரை கிலோமீட்டர் இரும்பை அறுந்து போகாம இழுத்துட்டுப் போறதுங்கறது சாதாரண வேலை இல்ல. ஆனா பாத்து முடிச்சதும் எனக்கு வந்த முதல் கேள்வி, இது எங்க ஏரியா கேட்ல வந்து நின்னா என்ன ஆகும்ங்கறது தான். நான் இருக்கறது பையப்பனஹள்ளியிலேருந்து ஓசூர் பக்கம் போற லைனை ஒட்டி. தினம் ரெண்டு வேளை ரயில்வே கேட்டைத் தாண்டித் தான் என் வாழ்க்கை.

முதல்ல இது எப்படி வளந்துச்சுன்னு சொல்லிடறேன். நம்ம ஊர்ல சாதாரணமா நாம பாக்கற நிலக்கரி ரேக் 58, 59 வேகன், இன்ஜின் பிரேக் வேன் எல்லாம் சேத்து 650, 700 மீட்டருக்குள்ள. கண்டெய்னர் ரேக்னா 45 வேகன், அதுவும் அதே நீளம் தான். இந்த ரேக்கை ரெண்டு மூணா சேத்து ஓட்டறது தான் லாங் ஹால்னு சொல்றது. 2020 ஜூன் கடைசில லோடு ஏத்தின மூணு ரேக்கை சேத்து 177 வேகனோட சூப்பர் அனகோண்டானு ஒண்ணு ஓட்டினாங்க, ரெண்டு நாள் கழிச்சு ஜூலைல சேஷ்நாக், 2.8 கிமீ, அப்புறம் 2021 ஜனவரில வாசுகி, அதுக்கு அடுத்த வருஷம் சுதந்திர தினத்தன்னைக்கு சூப்பர் வாசுகி, 295 வேகன்ல 27,000 டன் நிலக்கரி, கோர்பாலேருந்து ராஜ்நந்த்காவ் வரைக்கும் 267 கிமீ தூரத்துக்கு பதினொரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. நம்ம தெற்கு பக்கமும் வந்தாச்சு, 2021 அக்டோபர்ல விஜயவாடா பக்கத்துலேருந்து திரிசூல், கர்நாடகா ராய்ச்சூர்லேருந்து மணுகூருக்கு கருடா, ரெண்டும் மூணு மூணு ரேக் சேத்தது. பேரெல்லாம் பாம்பு, பறவை, ஆயுதம்னு வெக்கறாங்க, அது இருக்கட்டும்.

ஏன் இப்படி பண்றாங்கன்னா அதுக்கு நியாயமான காரணம் இருக்கு, அதை மறைச்சுட்டு எழுதினா தப்பாயிடும். ஒரு லைன்ல ஒரு நாளைக்கு இத்தனை வண்டி தான் விட முடியும்னு ஒரு அளவு இருக்கு. ரெண்டு ரேக்கை ஒண்ணா கோத்துட்டா ரெண்டு வண்டிக்கான இடத்துல ஒண்ணு மிச்சம், அதுல ஒரு பாசஞ்சர் விடலாம். இன்ஜின்ல உக்கார்ற ஆளுங்களும் மிச்சம். 2022 கோடையில நிலக்கரி இல்லாம கரண்ட் கட் ஆனப்போ நிலக்கரி வண்டிக்கு வழி விடறதுக்காக நூத்துக்கணக்கான பாசஞ்சர் ட்ரெயினை ரத்து பண்ணினாங்களே, அப்போ பாதிக்கப்பட்டதும் சாதாரண ஜனம் தான். லாரில போற சரக்கு ரயில்ல போனா ரோட்டுக்கும் நல்லது, காத்துக்கும் நல்லது. நான் ரயிலுக்கு எதிரி கிடையாது, எங்க குடும்பம் மூணு தலைமுறையா ரயில்வே சம்பளத்துல சாப்பிட்ட குடும்பம்.

ஆஸ்திரேலியால 2001 ஜூன்ல பிஹெச்பி கம்பெனி 682 வேகன், 8 இன்ஜின், ஏழேகால் கிலோமீட்டருக்கும் மேல நீளமா ஒரு இரும்புத்தாது வண்டி ஓட்டினாங்க, உலக ரெக்கார்டு அது தான். அங்க யாரும் கஷ்டப்படல, ஏன்னா பில்பாரா பாலைவனத்துல லைனுக்கு ரெண்டு பக்கமும் ஊரே கிடையாது. அந்த மாதிரி இடத்துல எத்தனை கிலோமீட்டர் வேணா போகட்டும். நம்ம லைனுக்கு ரெண்டு பக்கமும் ஸ்கூல், கடை, ஆஸ்பத்திரி, பேருந்து ஸ்டாப், வாடகை வீடுன்னு தண்டவாளத்தை ஒட்டி ஜனம் இருக்கு. பிரச்சனை அங்க தான் ஆரம்பிக்குது.

பெரியப்பாவுக்கு போன் பண்ணி கேட்டேன். அவர் சொன்னது அப்படியே எழுதறேன். "டேய், ஓடற வண்டி எவ்ளோ நீளமா இருந்தாலும் போயிடும்டா. நிக்கற வண்டி தான் ஊரைக் கெடுக்கும்."

கணக்கு போட்டுப் பாத்தா சரியா இருக்கு. 700 மீட்டர் வண்டி 40 கிமீ வேகத்துல போனா ஒரு நிமிஷம் தான் கேட்டைத் தாண்ட. ஒன்றரை கிமீ வண்டிக்கு ரெண்டே கால் நிமிஷம். ருத்ராஸ்திராவே அதே வேகத்துல போனா ஏழு நிமிஷத்துக்குள்ள போயிடும். ஆனா நம்ம நாட்டுல கூட்ஸ் வண்டியோட சராசரி வேகம் மணிக்கு 25 கிமீ பக்கம் தான், ஏன்னா பாதி நேரம் நிக்கும். பாசஞ்சருக்கு வழி விட நிக்கும், எதிர் வண்டிக்கு நிக்கும், சிக்னலுக்கு நிக்கும், ஆளு மாத்த நிக்கும். ஓரமா ஒதுங்கி நிக்கறதுக்கு ஸ்டேஷன்ல லூப் லைன் இருக்கும், அந்த லூப்போட நீளம் பெரும்பாலான ஸ்டேஷன்ல 686 மீட்டர் வண்டி நிக்கற அளவுக்கு தான் போட்டிருக்காங்க. ஒரு ரேக்குக்கு அளவெடுத்து தெச்ச சட்டை மாதிரி அது. ரெண்டு ரேக் சேத்த வண்டி அதுக்குள்ள நுழையாது. அப்போ அது மெயின் லைன்லயே நிக்கணும், இல்ல வால் வெளிய தொங்கணும். ஸ்டேஷன் முனைல தான் பெரும்பாலும் கேட் இருக்கும், ஊர் அங்க தானே வளரும். வால் போய் உக்காரறது அந்த கேட் மேல.

இன்னொண்ணும் சொன்னாரு, இதை நான் இதுக்கு முன்னாடி யோசிச்சதே இல்ல. கூட்ஸ் வண்டி நின்னுட்டு கிளம்பறதுன்னா கார் மாதிரி உடனே நகராது. பிரேக் பைப்ல காத்து பிரஷர் அஞ்சு கிலோ ஏறணும், இன்ஜின்லேருந்து கடைசி வேகன் வரைக்கும், அப்புறம் தான் பிரேக் எல்லா வேகன்லயும் விடும். வண்டி எவ்ளோ நீளமோ அவ்ளோ நேரம். எங்கயாவது ஒரு ஹோஸ் பைப் லீக் ஆனாலோ, வேகனுக்கு வேகன் கோக்கற கப்ளிங் அறுந்து வண்டி ரெண்டா பார்ட்டிங் ஆனாலோ, யாராவது ஒருத்தர் நடந்து போய் பாக்கணும். பெரியப்பா காலத்துல ராத்திரி டார்ச்சைப் புடிச்சுட்டு ஜல்லி மேல அறுநூறு எழுநூறு மீட்டர் நடப்பாங்க, மழையா இருந்தாலும், பாம்பு இருந்தாலும். இப்போ ரெண்டு ரேக்குன்னா ஒன்றரை கிமீ, போகவும் வரவும் மூணு கிமீ. அவ்ளோ நேரமும் வண்டி கேட் மேல நிக்கும். நடுவுல இன்ஜின் வெச்சு ரேடியோல முன் இன்ஜின் டிரைவரே எல்லாத்தையும் ஓட்டற சிஸ்டம் வந்துடுச்சு, அதால பிரேக் சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் விடும், கப்ளிங் மேல இழுவையும் கொறையும், அது உண்மையான முன்னேற்றம், ஆனா அறுந்து போன பைப்பை ரேடியோ போய் மாட்டாது.

இப்போ எங்க கேட்.

எங்க லைன்ல நான் இன்னும் பாக்கறது சாதாரண ரேக் தான், லாங் ஹால் இல்ல. அதையே இந்த ஏரியா தாங்கல. காலைல எட்டரை மணிக்கு கேட் விழுந்துச்சுன்னா ரெண்டு நிமிஷத்துல ரோடு முழுக்க அடைச்சுடும், ரைட் சைடுல பைக் எல்லாம் முன்னாடி வந்து நின்னுடும், அந்தப் பக்கமும் அதே மாதிரி, கேட் தூக்கினா ரெண்டு படை நேருக்கு நேரா நிக்கும், அதை பிரிச்சு விடறதுக்குள்ள அடுத்த வண்டிக்கு கேட்டை மூட நேரம் வந்துடும். வண்டி போறது ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ, ஆனா ரோடு மூச்சு விட இருபது நிமிஷம் ஆகுது. இது கேட்ல நின்னு பாத்தவங்களுக்கு தெரியும், ஆபீஸ்ல உக்காந்து கணக்கு பாக்கறவங்களுக்கு தெரியாது.

அதுல யாரு யாரு நிக்கறாங்கன்னு பாருங்க. கார்ல ஏசி போட்டு உக்காந்திருக்கறவங்களுக்கு எரிச்சல், அவ்ளோ தான். பக்கத்துல டெலிவரி பசங்க போனையே பாத்துட்டு நிப்பாங்க, ஒவ்வொரு நிமிஷமும் அவங்களுக்கு காசு. ஸ்கூல் வேன்ல சின்னப் பசங்க தூங்கி விழும். எங்க பில்டிங்ல நாலு வீட்டுல வேலை செய்யற அக்கா ஒருத்தங்க, கிருஷ்ணகிரி பக்கம் சொந்த ஊரு, கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒத்தை ரூம்ல குடும்பத்தோட இருக்காங்க. அந்தப் பக்கம் வாடகை கம்மி, இந்தப் பக்கம் வேலை. இந்த ஏரியால பாதிப் பேர் வாழ்க்கை இப்படித் தான் ரெண்டா பிரிஞ்சு இருக்கு, நடுவுல தண்டவாளம். ஒரு நாள் லேட்டா வந்தப்போ ஏன்கா லேட்டுன்னு சாதாரணமா கேட்டேன்.

"கூட்ஸு நின்னுடுச்சு தம்பி. கீழ பூந்து வந்துட்டேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. அக்கா அப்படி செய்யாதீங்க, வண்டி எப்போ நகரும்னு யாருக்கும் தெரியாது, ஒரு சத்தம் கூட குடுக்காதுன்னு சொன்னேன். அவங்க சொன்னாங்க, "தெரியும் தம்பி. மொத வீட்டுல ஏழரைக்கு போகலன்னா பேச்சு, மூணு நாள் லேட்டுன்னா ஒரு நாள் சம்பளம் புடிப்பாங்க. எல்லாரும் பூந்து தான் வர்றாங்க. பசங்க கூட."

வேகனுக்கு அடியில பூந்து போறது சட்டப்படி குற்றம், ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. கேட்டைத் தூக்கினா 160ஆவது பிரிவு, மூணு வருஷம் வரைக்கும். சட்டம் சரி தான். ஆனா ரெண்டு வேகனுக்கு நடுவுல குழந்தையைத் தூக்கி அந்தப் பக்கம் குடுக்கற அம்மாவுக்கு வேற வழி என்னங்கறதுக்கு அந்தச் சட்டத்துல பதில் இல்ல. நடைபாலம் இருந்தா யாரு பூந்து போவாங்க? படியேற முடியாத வயசானவங்களுக்கு சாய்தளமோ லிஃப்டோ இருந்தா யாரு பூந்து போவாங்க?

கேட்மேன் மேல கத்தறவங்களையும் தினம் பாக்கறேன். தயவு செஞ்சு அதை நிறுத்துங்க. இன்டர்லாக் பண்ணின கேட்ல அவரு நெனச்சாலும் திறக்க முடியாது, சிக்னல் குடுத்தா கேட் பூட்டிக்கும், வண்டி தாண்டினா தான் சாவி விடும். அந்தப் பூட்டு தான் நம்ம உயிரு. 2025 ஜூலை 8ஆம் தேதி கடலூர் செம்மங்குப்பத்துல ஸ்கூல் வேன் மேல ட்ரெயின் மோதி மூணு பசங்க போனாங்களே, அது இன்டர்லாக் இல்லாத கேட். அன்னைக்கு எங்க வீட்ல யாரும் சரியா சாப்பிடல. எவ்ளோ நேரம் ஆனாலும் மூடின கேட் மூடித் தான் இருக்கணும். அதுக்காக எவ்ளோ நேரம் வேணா மூடி வெக்கலாம்னு அர்த்தம் இல்ல.

இப்போ தான் நான் முக்கியமா சொல்ல வந்தது. ஒரு கேட்டை எடுத்துட்டு மேம்பாலம் கட்டணுமா வேணாமானு ரயில்வே எப்படி முடிவு பண்ணுதுன்னு தேடிப் படிச்சேன். அதுக்கு டிவியூன்னு ஒரு அளவு இருக்கு, ட்ரெயின் வெஹிக்கிள் யூனிட். ஒரு நாளைக்கு எத்தனை ட்ரெயின் போகுது, எத்தனை வண்டி ரோட்டுல போகுது, ரெண்டையும் பெருக்கணும். அது ஒரு லட்சத்தைத் தாண்டினா ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பங்கு போட்டு பாலம் கட்ட தகுதின்னு விதி. பைக், ஆட்டோவுக்கெல்லாம் முழுசா ஒண்ணு கிடையாது, கொறைச்சு தான் கணக்கு. நடந்து போறவங்க கணக்குலயே இல்ல. வேகனுக்கு அடியில பூந்து வேலைக்கு வர்ற அந்த அக்கா இந்த பெருக்கல்ல பூஜ்யம்.

அதை விட பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. அந்த சூத்திரத்துல ட்ரெயினோட நீளம்னு ஒண்ணு கிடையாது. கேட் எத்தனை நிமிஷம் மூடியிருந்துச்சுங்கறதும் கிடையாது. சும்மா ஒரு உதாரணத்துக்கு ஒரு கேட் எடுத்துக்குவோம், 40 ட்ரெயின், 3,000 வண்டி. பெருக்கினா 1 லட்சத்து 20 ஆயிரம், பாலத்துக்கு தகுதி. அந்த நாப்பதுல இருபது கூட்ஸ்னு வெச்சுக்கோங்க. அதை ரெண்டு ரெண்டா சேத்து ஓட்ட ஆரம்பிச்சா கூட்ஸ் பத்தாயிடும், மொத்தம் 30 ட்ரெயின். இப்போ பெருக்குங்க, 90,000. தகுதி போச்சு! அதே சரக்கு, அதே வேகன், அதே ஜனம், வண்டி மட்டும் ரெண்டு மடங்கு நீளம், நின்னுச்சுன்னா ரெண்டு மடங்கு அடைப்பு, ஆனா பேப்பர்ல அந்த கேட் முன்னை விட அமைதியான கேட் ஆயிடுச்சு. இதைப் படிச்சப்போ எனக்கு கோவம் தான் வந்துச்சு. யாரும் வேணும்னு பண்ணினதா நான் சொல்லல, எல்லா வண்டியும் ஒரே நீளமா இருந்த காலத்துல போட்ட கணக்கு அது, அந்தக் காலத்துக்கு சரியாவும் இருந்திருக்கும். வண்டி மாறிடுச்சு, கணக்கு மாறல.

நியாயமா இன்னொரு பக்கமும் பாக்கணும். வண்டி எண்ணிக்கை கொறைஞ்சா கேட் மூடற தடவையும் கொறையும், ஒவ்வொரு தடவையும் வண்டி வர்றதுக்கு சில நிமிஷம் முன்னாடியே மூடறாங்க இல்ல, அந்த முன்கூட்டி மூடற நேரம் எல்லாம் மிச்சம். வண்டி நிக்காம ஓடினா நீளமான வண்டி கேட்ல இருக்கறவங்களுக்கும் லாபம் தான். அது எனக்கு ஒத்துக்க கஷ்டமா இல்ல. ஆனா நிக்காம ஓடறதுக்கு டபுள் லைன் வேணும், ஒன்றரை கிமீக்கு லூப் வேணும், அதுக்கு முன்னாடியே வண்டியை நீட்டினா லாபம் ரயில்வே கணக்குல விழும், நிக்கற நேரம் நம்ம தலைல விழும்.

நீளமான வண்டிக்கு ஊர் என்ன விலை குடுக்கும்னு பாக்க அமெரிக்காவைப் பாத்தா போதும், அவங்க இதுல நமக்கு முன்னாடி போயிட்டாங்க. அங்க ரெண்டு மைல், மூணு மைல் நீள வண்டி கூட ஓடுது, 2008லேருந்து 2017க்குள்ள ரெண்டு பெரிய ரயில் கம்பெனியோட வண்டிகள்ல சராசரி நீளம் கால்வாசி கூடியிருக்குன்னு அவங்க அரசாங்கத் தணிக்கை அலுவலகமே 2019ல சொன்னாங்க. இந்தியானா மாநிலத்துல ஹேமண்ட்னு ஒரு ஊரு. ஸ்கூலுக்குப் போற குழந்தைங்க நிக்கற கூட்ஸ் வண்டிக்கு அடியில பையோட பூந்து போற படம் 2023ல ப்ரோபப்ளிகா வெளியிட்ட செய்தில வந்துச்சு. அதைப் பாத்தப்போ எனக்கு எங்க கேட் தான் ஞாபகம் வந்துச்சு, அவ்ளோ பணக்கார நாடு, குழந்தை பூந்து போறது மட்டும் ஒரே மாதிரி. டெக்சஸ்ல லெக்கெட்ங்கற சின்ன ஊர்ல 2021ல ஒரு கைக்குழந்தைக்கு மூச்சு முட்டி ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்காங்க, நடுவுல நின்ன ட்ரெயினால உதவி வந்து சேர லேட் ஆச்சு, குழந்தை பொழைக்கல.

சட்டம் போடலாம்னா அதுவும் நடக்கல. ஒஹையோ மாநிலத்துல அஞ்சு நிமிஷத்துக்கு மேல கேட்டை மறிச்சா அபராதம்னு சட்டமே இருந்துச்சு. 2022ல அந்த மாநில உச்ச நீதிமன்றம், ரயில் விஷயம் மத்திய அரசு அதிகாரம், மாநிலம் இதுல தலையிட முடியாதுன்னு சொல்லிடுச்சு, 2024 ஜனவரில நாட்டோட உச்ச நீதிமன்றமும் அப்பீலை எடுத்துக்கல. இதுக்கு மேல எத்தனை நிமிஷம் மறிக்கலாம்னு மத்தியில ஒரு சட்டமும் கிடையாது. அதே ஒஹையோல தான் 2023 பிப்ரவரி 3 ராத்திரி ஈஸ்ட் பாலஸ்டைன்ங்கற ஊர்ல கிட்டத்தட்ட 150 வேகன் வண்டி தடம் புரண்டு, சுத்தி இருந்தவங்களை வீட்டைக் காலி பண்ண வெச்சு, வைனைல் குளோரைடுங்கற நச்சு கெமிக்கல் இருந்த டேங்க்கை எரிச்சு விட்டாங்க. அதுக்கு காரணம் நீளம் இல்ல, சூடேறின ஒரு பேரிங், அதை சரியா சொல்லணும். ஆனா பலவகை வேகன் கலந்த வண்டி நீளமாக நீளமாக தடம் புரள்ற ஆபத்து கூடுதுன்னு அவங்க தேசிய அறிவியல் அகாடமி 2024ல தனியா ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க.

நம்ம நாட்டுலயே இதை ஒழுங்கா பண்ணின இடமும் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா எனக்கே சங்கடமா இருக்கும். சரக்குக்குன்னே தனியா போட்ட டெடிகேட்டட் ஃப்ரைட் காரிடார், கிழக்குல லூதியானாலேருந்து சோன்நகர், மேற்குல தாத்ரிலேருந்து மும்பை ஜேஎன்பிடி துறைமுகம், அதுல ஆரம்பத்துலயே ஒன்றரை கிமீ வண்டிக்கு லூப் போட்டாங்க, லெவல் கிராஸிங் வேணாம்னு முடிவு பண்ணி ரோடு வர்ற இடத்துல மேல பாலம் இல்லன்னா கீழ சுரங்கப்பாதை. 2021 ஜனவரி 7ஆம் தேதி அதுல ரெண்டடுக்கு கண்டெய்னரோட ஒன்றரை கிமீ வண்டி விட்டாங்க. முதல்ல ஊருக்கு வழி, அப்புறம் நீள வண்டி. இந்த வரிசை தான் நான் கேக்கறது, வேற ஒண்ணும் இல்ல. எங்க லைன் மாதிரி பழைய லைன்ல தான் அந்த வரிசை தலைகீழா ஆகிடுமோனு பயம், நாடு முழுக்க இன்னும் சுமார் 17,000 ஆளுள்ள கேட் இருக்கு.

சுரங்கப்பாதைன்னதும் ஒண்ணு. செலவு கம்மின்னு பல கேட்டுக்கு பதிலா உயரம் கம்மியான சுரங்கப்பாதை தோண்டிட்டு வேலை முடிஞ்சுதுன்னு போறாங்க. பெங்களூர்ல மழைனா என்னனு நமக்குத் தெரியும். 2023 மே மாசம் கே.ஆர். சர்க்கிள் அண்டர்பாஸ்ல தேங்கின தண்ணில கார் மாட்டி ஒரு இளம்பெண் செத்துப் போனாங்க, அது ரயில்வே பாலம் கூட இல்ல, சட்டமன்றத்துக்குப் பக்கத்துல இருக்கற ரோடு. தண்ணி வெளியேற வழி இல்லாத பள்ளம் கேட்டை விட மோசம், கேட்டாவது அஞ்சு நிமிஷத்துல திறக்கும். பாலம் கட்டினாலும் பல இடத்துல தண்டவாளத்துக்கு மேல இருக்கற பகுதி ரயில்வே, ரெண்டு பக்கம் ஏறி இறங்கற பகுதி மாநில அரசு, நிலம் எடுக்கறதும் அவங்க. அதனால தான் பல ஊர்ல நடுப்பகுதி மட்டும் வானத்துல நிக்குது, ஏற வழி இல்லாம, வருஷக்கணக்கா.

பெரியப்பாகிட்ட கடைசியா ஒரு விஷயம் கேட்டேன், கேட் எவ்ளோ நேரம் மூடியிருந்துச்சுன்னு யாராவது எழுதறாங்களா பெரியப்பா, இல்ல நாமளே நின்னு எண்ணணுமா? அவரு சிரிச்சுட்டு, "கேட்மேன் ரூம்ல போய் பாருடா, ரிஜிஸ்டர் இருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் குடுத்த கோட், பிரைவேட் நம்பர்னு சொல்லுவோம், மூடின நேரம், தொறந்த நேரம், எல்லாம் கையால எழுதி இருக்கும். எழுதலன்னா அவன் வேலை போயிடும்"னாரு. அப்போ ஒவ்வொரு கேட்லயும் அந்த நிமிஷக் கணக்கு ஏற்கனவே இருக்கு, ராத்திரி பகல்னு ஷிஃப்ட் போட்டு ஒரு மனுஷன் எழுதிட்டே இருக்கான், பாலம் வேணுமானு முடிவு பண்ற அந்த பெருக்கல்ல மட்டும் அது போய் சேரல.

அதனால ஆர்டிஐ போட்டுட்டேன், பத்து ரூபா கட்டி. மூணு கேள்வி: எங்க கேட்டோட ரிஜிஸ்டர் நகல் ஆறு மாசத்துக்கு, கடைசியா எப்போ டிவியூ எண்ணினாங்க அந்த எண்ணிக்கை எவ்ளோ, அப்புறம் இந்த லைன்ல ரெண்டு ரேக் சேத்த வண்டி விடற திட்டம் இருந்தா அதுக்கு முன்னாடி எந்தெந்த ஸ்டேஷன்ல லூப்பை நீட்டப் போறாங்க. முப்பது நாள்ல பதில் வரணும். வந்ததும் ரிஜிஸ்டர் கணக்கை நாள்வாரியா இங்க போடறேன், காலைல ஏழுலேருந்து ஒம்போது வரைக்கும் தனியா, அது தான் அக்கா வேலைக்கு வர்ற நேரம்.